கதைத்தோர்

ஆறு பி வகுப்பில்
நான் இல்லாத வேளைகளில்
கரும்பலகையின் இடது ஓரம்
யதுர்ஷிகாவுக்குச் சொந்தம்.
மேலே ‘கதைத்தோர்’ என்று எழுதி
அடியில் ஒரு கோடு, மறுகா பெயர்கள்,
பெயருக்குப் பக்கத்தில் புள்ளடிகள்.
கேதுஷனுக்கு எப்போதும் ஏழெட்டு.

இரண்டாம் தவணை தொடங்கிய திங்கள்
அந்த ஓரத்தை நடுவால் பிரித்தேன்.
இந்தப் பக்கம்
நல்லது செய்தவர் பெயரை எழுது என்றேன்.
அன்று முழுக்க அது வெறுமை.
“கதைச்சாக் கேக்கும் சேர்.
நல்லது செய்யக்குள்ள சத்தமே வராதே,
நான் எப்பிடிப் புடிக்கிற?”

பதில் என்னிடமும் இல்லை.
பதினெட்டு வருடமாக
காதால் மட்டுமே வகுப்பு நடத்தியவன் நான்.

செவ்வாய், ஒரு பெயர்.
சொட்டிய குழாயை இறுக்கிவிட்டு வந்த டிலோஜினி.
புதன், செய்தி பரவிவிட்டது.
ஒரு தும்புத்தடிக்கு மூன்று பேர் அடிபட்டார்கள்.
குப்பை கிடைக்காத ஒருவன்
தன் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துப் போட்டு
தானே பொறுக்கினான்.
சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினேன்.
மண்டூருக்குப் போகும் பாதை
ஒரு மோட்டார் சைக்கிளோடும் இரண்டு ஆடுகளோடும்
வாவியில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

வியாழன் கடைசிப் பாடவேளை.
பலகைக்கு முன்னால் சோக்கோடு யதுர்ஷிகா,
அழப்போகிற முகம்.
“கேதுஷன் கதைச்சவன் சேர். ஆனா...”

நான் எழுதிவிட்டுப் போன கணக்கை
வரிவரியாக
பக்கத்தில் இருந்த நிரோஜனுக்கு
வாசித்துக்கொண்டிருந்தானாம்.
நிரோஜனுக்குத் தூரத்து எழுத்தெல்லாம் புகையாம்.
முதலாம் தவணையிலிருந்தே.

அத்தனை புள்ளடியும்
அந்த வாசிப்புக்குத்தான் என்று சொல்லமாட்டேன்.
கேதுஷன் கிரிக்கெட்டும் கதைப்பான்.
பாதியாவது இருக்கும்.

எந்தப் பக்கம் சேர் எழுத, என்றாள்.
டஸ்டரைத் தேடுகிறவன்போல
மேசை லாச்சியைத் திறந்தேன், மூடினேன்.
நிமிர்ந்தபோது
நடுக்கோட்டின் மேலேயே எழுதியிருந்தாள்:
‘கேது’ அந்தப் பக்கம்
‘ஷன்’ இந்தப் பக்கம்.

நிரோஜனின் தாய்க்கு ஒரு துண்டு எழுதினேன்,
களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரி, கண் கிளினிக் என்று.
அவனை முன்வாங்குக்கு வரச் சொன்னேன்.
கேதுஷனும் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு
கூடவே வந்து குந்தினான்.

நீ ஏன்டா?

“கண்ணாடி வரும்மட்டும்
ஆரு சேர் வாசிக்கிற?”
என்றான்,
வகுப்பு முழுக்கக் கேட்க.