மூவாயிரத்துப் பதினெட்டு

பதினோரு மூட்டை விரலி, ஏழு மூட்டை கிழங்கு.
ரசீது இருக்கிறது.
கிடங்கில் மூட்டை இருக்கிறது.
கணினியில் ஆள் இல்லை.

பொங்கியண்ணன் என்று அடிக்கிறேன்.
பதிவு ஏதும் இல்லை என்கிறது திரை.
"நல்லாப் பாருங்க அம்மிணி" என்கிறார்
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நிற்கும் பொங்கியண்ணன்.
மொடக்குறிச்சியில் முதல் பஸ் பிடித்து
ஈரோடு வந்தவர். நகக்கண்ணெல்லாம் மஞ்சள்.

பட்டியலைக் கையால் உருட்டினேன்.
பழனாத்தாள், பாவாயி, பெரியதம்பி,
அடுத்து பேச்சியக்கா வரவேண்டிய இடத்தில்
அதோ, பொங்கியண்ணன்!
பெ வரிசைக்காரர்களோடு
தெரியாத விருந்தில் பந்தியில் உட்கார்ந்தவர் மாதிரி.

சுழி அதே சுழி, கால் அதே கால்.
என் கண்ணுக்கு ஒருவர்.
எந்திரத்துக்கு இரண்டு பேர்.

நான் அடித்த பெயரில், முதல் எழுத்தை ஒட்டிக்
கர்சரை வைத்து ஒரு தட்டுத் தட்டி அழித்தேன்.
கொம்பும் காலும் ஒன்றாய்க் கழன்று
பங்கியண்ணன் நின்றார்.
பட்டியல் பெயரில் அதே இடத்தில் ஒரு தட்டு.
கால் மட்டும் போயிற்று.
பெங்கியண்ணன் என்று விழித்தார்.
இன்னொரு தட்டுக்குத்தான் கொம்பு இறங்கியது.

பழைய எழுத்துருவில் எட்டு வருசம் அடித்த பேரேடு இது.
அதில் கண் பார்க்கிற வரிசைதான் கணக்கு:
முதலில் கொம்பு, அப்புறம் ப, அப்புறம் கால்.
போன சித்திரையில் புது முறைக்கு மாற்றித்தந்த பையன்
கொம்பைத் தூக்கி ப-வுக்குப் பின்னால் நிறுத்தினான்.
அது சரிதான்.
வாயும் முதலில் உதட்டை மூடி
அப்புறம்தானே ஒகரத்தைத் திறக்கிறது.
திரையில் எங்கே நின்றாலும்
உள்ளே மெய்க்குப் பின்னால்தான் குறி.

ஆனால் கொம்பையும் காலையும் பூட்டாமல் விட்டுவிட்டான்.
கொம்புக்கு எண் மூவாயிரத்துப் பதினாலு.
காலுக்கு மூவாயிரத்து ஆறு.
பூட்டிய குறிக்குத் தனியாக மூவாயிரத்துப் பதினெட்டு.
கூட்டினால் வராது. சேர்த்தால்தான் வரும்.
எடை மேடையிலிருந்து இந்த நாற்காலிக்கு வந்தவள் நான்,
கூட்ட மட்டுமே தெரிந்தவள்.

"ஏனுங்க அம்மிணி, நான் இருக்கறனா இல்லீங்களா?"
"ரெண்டு பேரா இருக்கறீங்க."
சித்த நேரம் யோசித்தார்.
"அப்ப பணம் ரெண்டு பேருக்கும் வருமுங்களா?"

ஊர்ப் பெயர்களைத் தேடிப் பார்த்தேன்.
கொடுமுடி இல்லை.
கோபி இல்லை.
பொள்ளாச்சி, மொடக்குறிச்சி இல்லை.
நான் உட்கார்ந்திருக்கும் ஈரோடே இல்லை.
கொங்கு என்று அடித்தேன், பூஜ்யம்.
காங்கேயம் மட்டும் தப்பித்திருந்தது.
இரட்டைக் கொம்பைத் தலையில் வைத்துக்கொண்டு
தனிக்காலை அது தனியாகவே ஊன்றுகிறது.

மதியச் சாப்பாட்டுக்கு முன் எல்லாவற்றையும் பூட்டினேன்.
கொம்போடு கால் கண்ட இடமெல்லாம் ஒரே குறி.
திரையில் ஒரு புள்ளிகூட அசையவில்லை.
பார்த்துக்கொண்டிருந்த செயலாளர்
"என்னம்மா மாத்துனே?" என்றார்.
மாற்றப்பட்டவை இரண்டாயிரத்து முந்நூற்றாறு.

பொங்கியண்ணன் காசோலையை நான்காய் மடித்து
ஒருமுறை தன் பெயரை விரலால் தடவிவிட்டுப் போனார்.
சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தாரோ என்னவோ.

ஒன்று மட்டும் பாக்கி.
மாற்றும்போது எங்கேயோ மெய்யெழுத்து விழுந்துபோய்
புள்ளி வட்டத்தைப் பற்றிக்கொண்டு நிற்கிறது ஓர் ஒகரம்:
◌ொங்காத்தாள், சிவகிரி, மூன்று மூட்டை.
கொங்காத்தாளா, பொங்காத்தாளா?
கொடுத்திருந்த எண்ணுக்கு அடித்தேன்.
தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாராம்.
நாளைக்கும் அடிக்க வேண்டும்.
ஏழாவது அடுக்கில், சுவரோரம்,
அவளுடைய மூட்டைகள்.