கொடுக்கல் வாங்கல்

கடிதம் மலாயில் வந்தது.
நூற்று எண்பதாவது தவணையும் கிடைத்துவிட்டது,
இனி நிலுவை இல்லை,
ஒத்துழைப்புக்கு நன்றி.
குணாளன் அதை ஐஸ்பெட்டிக் கதவில்
காந்தம் வைத்து மாட்டினான்.
"ஒழிஞ்சது பாரு, ஓவியக் கடன்" என்றான்.
இரவு நாசி கண்டார் வாங்கிவந்து கொண்டாடினோம்.

மாதம் நூற்று அறுபத்தேழு ரிங்கிட் முப்பது சென்.
ஐந்தாம் தேதி தவறியதே இல்லை.
வரைவதை நிறுத்தியதற்குத்தான் தேதி இல்லை.
யாராவது கேட்டால் சொல்ல
ஒரு செவ்வாய்க்கிழமைகூட என்னிடம் இல்லை.
விட்டுவிட்டேன் என்று நான் எங்கும் சொல்லவில்லை.
தூரிகைகளை டர்பன்டைனில் ஊறப்போட்டேன்,
நாளைக்குக் கழுவலாம் என்று.
அந்த நாளைக்குத்தான்
வேலைப் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள்.
ஜாடிக்குள் ரோமங்கள் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து
அப்படியே இறுகிப்போயின,
தொழிற்சாலைப் பேருந்தில்
நின்றபடி தூங்குகிறவர்களைப் போல.

இறுதியாண்டுக் காட்சிக்குப் பதினோரு கேன்வாஸ்.
எல்லாமே லிப்ட் கதவுகள்.
ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியின்
தளத்துக்கு ஒன்றாக.
சாவியால் கீறிய பெயர்கள்,
வட்டிக்காரன் ஒட்டிய தொலைபேசி எண்,
அதன்மேல் இன்னொரு வட்டிக்காரன்.
"மனிதர் யாரும் இல்லையே?" என்றார் வெளித்தேர்வாளர்.
"இப்பத்தான் கீழே போனாங்க" என்றேன்.
சிரித்துவிட்டார். இரண்டாம் வகுப்பு, மேல்பிரிவு.

ஒன்று விற்றது.
அந்தக் காசில் நேர்முகத் தேர்வுக்குச்
சப்பாத்து வாங்கினேன்.
ஒன்பதாம் தளம்
சலவை இயந்திரத்தின் பின்னால் நின்று
சுவரின் ஈரத்தைத் தடுக்கிறது.
மற்றவை எங்கே என்று கேட்டால்
எனக்குக் கோபம் வரும்.

பாயான் லெப்பாஸில் பதினான்கு ஆண்டு.
உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளை உடை,
கண் மட்டும் வெளியே.
நுண்ணோக்கியின் கீழ் சிலிக்கான் தட்டு.
அதன் படலம் தடித்தால்,
மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வேண்டாம்,
ஊதா நீலமாகிவிடும்.
இன்னும் தடித்தால் தங்கம்.
மற்றவர்கள் மானியைக் கேட்பார்கள்,
நான் பார்த்தே சொல்வேன்.
"இவளுக்கு இருப்பது கண்ணா, கருவியா?" என்று
புதியவர்களிடம் என்னைக் காட்டுவாள் நூருல் ஹுதா.

சேர்ந்த புதிதில்
குறைகளுக்கு வண்ணத்தின் பெயர் எழுதினேன்:
இது கோபால்ட்,
இது வெயிலில் வெளுத்த இண்டிகோ.
பெயர் வேண்டாம், எண் போடு என்றார்கள்.
போட்டேன்.

பாவம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.
வீடு இருக்கிறது. தூக்கம் வருகிறது.
ஆனால் இன்று இரவு வேலை முடிந்து
ஜெலுத்தோங் கரையோரம் பேருந்து திரும்பியபோது
விடிகிற கடலைப் பார்த்து
என் வாயில் வந்தது
ஏழு-பி.

பக்கத்து இருக்கையில் இருந்தவள்
என்ன என்றாள்.
ஒன்றுமில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து கடிதத்தில் இருந்த எண்ணை அழைத்தேன்.
இசை, இசை, பிறகு ஒரு பெண் குரல்.
"இன்னும் கொஞ்ச காலம் கட்டலாமா?"
"எதற்கு, புவான்?"
"சும்மா. மாதம் பத்து ரிங்கிட்டாவது."
தட்டச்சு ஒலி கேட்டது.
என் பெயரைப் படித்தாள், பிறந்த தேதியை, பிறகு
நுண்கலை, என்றாள்,
பதினைந்து ஆண்டில் யாரும்
என் பெயருக்குப் பக்கத்தில் அதைச் சொன்னதில்லை.
"உங்கள் கணக்கை மூடிவிட்டோம், புவான்.
இனிமேல் கட்டினாலும் ஏற்காது."

இயந்திரம் துணி பிழியத் தொடங்கியது.
அதன் பின்னால்
ஒன்பதாம் தளத்துக் கதவு கடகடத்தது,
லிப்ட் வந்து நிற்கும்போது அதிர்வதைப் போல.
அது அடங்கும்வரை ஈரக் கூடையோடு நின்றிருந்தேன்.
பிறகு துணியைக் காயப்போடப் போனேன்.