மழைக்கும் சேர்த்துக் கூலி

கோர்மன்ஸ் கிரீக்கின் ஆற்றோரக் குப்பைமேட்டில் பாதியை
மார்ச் வெள்ளம் கடலுக்குக் கொடுத்துவிட்டது.
மூன்று வாரம் கரையெல்லாம் குனிந்து
டயப்பரும் ஷாம்பு புட்டியும் பொறுக்கினோம்.
அதன் பிறகுதான் எங்கள் மன்றத்துக்கு
மலைக்கு அந்தப் பக்கமும் நியூசிலாந்து இருப்பது
ஞாபகம் வந்தது.

அங்கே, கிழக்குச் சமவெளியில்,
அடியில் பிளாஸ்டிக் விரித்த பெருங்குழி.
இருநூற்றறுபது கிலோமீட்டர்.
வாரம் ஒரு நடையாக ஆறு வாரம்
லாரியில் அனுப்பிப் பார்ப்போம்,
வீட்டுக்கு எவ்வளவு விழும் என்று
கூடவே போய் எழுதி வா என்றார்கள்.
சுண்டைக்காய்க்காவது கால் பணம் உண்டு.
நான் எழுதப் போவது முழுக்கச் சுமைகூலி.

ஓட்டுநர் நைரி, முன்பு பால் டேங்கர் ஓட்டியவள்.
"பால் என்றால் திரிந்துவிடும் என்று பயம்.
இதற்கு அந்தக் கவலை இல்லை" என்றாள்.

முதல் நடை பதினொன்று புள்ளி இரண்டு டன்.
இரண்டாவதற்கு முன் ஐந்து நாள் மழை
(இங்கே மழை நின்றால்தான் செய்தி).
அதே நானூற்றுப் பன்னிரண்டு வீடு, அதே மூட்டைகள்.
எடைமேடை பதின்மூன்று புள்ளி ஒன்பது என்றது.
நைரி இறங்கிப் போய்
எண்பலகையை ஒரு தட்டு தட்டினாள்.
எண் அசையவில்லை.

அட்டைப்பெட்டியில், பழந்துணியில், யாரோ கழித்த மெத்தையில்
ஒளிந்து ஏறிய இரண்டு டன் எழுநூறு கிலோ மழை
எங்கள் டீசலில் கணவாய் ஏறி
மேகத்தையே அண்ணாந்து பார்த்துக் கிடக்கும் பூமியில்
டன்னுக்கு இவ்வளவென்று கட்டணமும் கட்டிப்
புதைந்தது.

உச்சியில் பிரேக் ஆற நாற்பது நிமிடம்.
அதற்குள் கியாக் கிளிகள் நாலு வந்து
தார்ப்பாயை ஓரத்தில் கொத்திப் பிரித்து
ஒற்றைச் செருப்பை இழுத்துப்போட்டுச் சண்டையிட்டன.
புதுத் தார்ப்பாய் முந்நூற்றெண்பது டாலர்.
எந்தப் பத்தியில் போட? "இதர" என்று எழுதினேன்.
நைரி பிளாஸ்கிலிருந்து ஊற்றித் தந்த தேநீரை
எதிலும் எழுதவில்லை.

திரும்பும்போது லாரி காலி.
காலிக்கும் தொண்ணூற்றொரு லிட்டர்.
ஒன்றுமில்லாததைச் சுமந்துவர இவ்வளவா என்று
கணக்கர் ப்ரௌஸ் இரண்டு முறை கேட்டார்.
லாரியை அங்கேயே விட்டுவிட்டு
நடந்து வரட்டுமா என்றாள் நைரி.

நாலாம் நடை.
பெட்டி பின்னால் சாய்ந்து கொட்டியபோது
என் சமையலறைத் திரை வந்து விழுந்தது.
எலுமிச்சம்பழம் அச்சிட்டது, ஓரம் கருகியது,
வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது.
வீசிய அன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
இப்போது அரைநாள் உடன்வந்து
வழியனுப்பிக்கொண்டு நிற்கிறேன்.

வேலிக்கு அப்பால் செம்மறிகள், ஒரு ஆள்.
"மேற்குக் கரையா?" என்றார்.
ஆமாம்.
"தெரியும். உங்களுடையது ஈரமாக நாறும்."
அவர் வீட்டுக்கு எவ்வளவு விழுகிறது என்பதற்கு
என் தாளில் பத்தி இல்லை.
கோடு போட இடமிருந்தது. போடவில்லை.

வீட்டுக்கு வாரம் ஆறு டாலர் நாற்பது சென்ட்.
தொட்டிகளுக்கு மூடி போட்டு மழையைத் தடுத்தால்
ஐந்து எண்பது என்றார் ப்ரௌஸ்.
மூடியின் விலை யார் தலையில் என்று
பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.
பத்தரை மணிக்கு விளக்கை அணைத்தார்கள்.
முடிவு அடுத்த மாதம்,
ஆறு அதுவரை பொறுத்தால்.

வீட்டுக்கு வந்து தேநீர் போட்டேன்.
திரையில்லாத ஜன்னலில் மழை.
பையைத் தொட்டியில் போடப் போன கை
நின்றது.
கோப்பைக்கு மேல் பிடித்து, இரண்டு விரலால்,
சுடச் சுடப் பிழிந்தேன், கடைசிச் சொட்டு வரை.

ஐந்து கிராம் இருக்குமா?
அதுவாவது
கணவாய் ஏற வேண்டாம்.