தலை தெரியுது

நாலரைக்கு ஒரு மணி அடித்தால்
சவேரியம்மா எழுந்துவிட்டாள்.
இரண்டு மணி என்றால்
ராத்திரி தூங்கியும் இருக்கிறாள்.
எடுக்கக் கூடாது.
எடுத்தால் ஒருத்தி அழுவாள், இன்னொருத்தி அதட்டுவாள்,
வெள்ளென விடிந்து
மாப்பிள்ளை எழுந்துவிடுவார்.

முப்பத்தேழு வருஷம்
சின்னப்பாலத்திலிருந்து தீவுப் பக்கம் பாசிக்குப் போனவள் நான்.
மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை.
விரலுக்குத் துணிச்சுற்று,
கண்ணாடிக்குள் கசியும் உப்பு.
வள்ளத்துக்குப் பதினொரு பேர்.
மேலே வருகிறவள் மூச்சு வாங்கும் முன்னே
சுற்றிப் பார்ப்பாள்:
ஒன்பது, பத்து, எங்கடி இன்னொருத்தி?
அதோ, மயிரை உதறிக்கொண்டு.
"தலை தெரியுது" என்று யாராவது சொன்ன பிறகுதான்
அடுத்த முங்கு.

முழங்கால் போய் வீட்டோடு கிடந்தேன்.
அவர் போய் ஆறு வருஷம், அப்போதுகூட இப்படி இல்லை.
ஒன்றும் வலிக்கவில்லை.
குழம்பில் உப்பு போட்டேனா என்று தெரியவில்லை,
தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.
மூன்று மணிக்கு முழிப்பு.
மூன்று இறக்கை மின்விசிறியை
நாலாவது இறக்கை வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.
திருப்பூரிலிருந்து மகள் கேட்டால்
"எனக்கென்ன, ராணி மாதிரி இருக்கேன்."

பை மாட்டிக்கொண்டு ஜெனோவா வந்தாள்,
வீடு வீடாகப் பிரஷர் பார்க்கிற பிள்ளை.
"தூக்கம் வருதா?"
"வருது."
"சாப்பாடு?"
"இறங்குது."
வனத்துறை போட்டைக் கண்டால்
சாக்கின்மேல் உட்கார்ந்துகொண்டு
சாக்கே இல்லை என்று சொல்லிப் பழகிய வாய்.
நூற்றைம்பதுக்குத் தொண்ணூறு என்று எழுதினாள்.
பேனாவை மூடினாள், எழுந்திருக்கவில்லை.
"கடைசியா எப்ப சிரிச்சீங்க, ராமுத்தாயி?"
நான் காலண்டரைப் பார்த்தேன்.
அதில் போன வருஷம் தொங்கியது.

அவள்தான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.
மூன்றாம் நாள் தங்கச்சிமடத்திலிருந்து
மினிபஸ் ஏறி வந்தாள் சவேரியம்மா.
ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.
முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள்:
பாதி மாத்திரைகள் தீர்ந்த அட்டை.
"ஒரு வருஷமா, ராத்திரிக்கு ஒண்ணு.
வீட்ல சுகர் மாத்திரைன்னு சொல்லியிருக்கேன்.
வியாழக்கிழமை வா, ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு."

டாக்டருக்கு என் மகளைவிட வயசு குறைவு.
எதையெதையோ கேட்டுவிட்டு
"தண்ணிக்குள்ள எவ்வளவு நேரம் மூச்சடக்குவீங்க?" என்றார்.
"அடியில என்ன கிடக்குங்கிறதைப் பொறுத்து" என்றேன்.
அதைச் சீட்டில் எழுதவில்லை அவர்.
ஆனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு
அதற்குப் பிறகுதான் கேட்கவே தொடங்கினார்.

தேறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.
வாய் உலர்கிறது. சில நாள்
நாலாவது இறக்கை திரும்ப வருகிறது.
கரையில்தான் நான் முழுகியிருக்கிறேன்,
எண்ண ஆளில்லாத இடத்தில்.
பஸ்ஸில் திரும்பும்போது
அவளிடம் அதைச் சொன்னேன்.
மறுநாளிலிருந்துதான் இந்த மணி.
இப்போது ஐந்து பேர்.
அவள் எனக்கு, நான் மாரிக்கண்ணுவுக்கு,
அப்படியே போகும்.
காது கேட்காத பூரணம் மட்டும்
படலில் சிவப்பு வாளி மாட்டுவாள்.

நேற்று நாலரைக்கு மணி இல்லை.
நாலே முக்காலுக்கும் இல்லை.
நான் அடித்தால் ஒரு பொம்பளை
இணைப்பு இல்லை என்கிறாள் மூன்று பாஷையில்.
அரை வருஷமாகத் தெருமுனை தாண்டாத கால்
முதல் பஸ்ஸைப் பிடித்தது, எப்படியென்று கேட்காதீர்கள்.

வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தாள்.
"ராத்திரி பூரா கரண்டு இல்லடி,
போன் செத்துப்போச்சு."
எனக்குத் திட்ட வரவில்லை.
நரைத்து, சிக்குப் பிடித்து,
வாராமல் நின்ற அந்த மண்டையையே பார்த்தேன்.
"தலை தெரியுது" என்றேன்.

டீ போட்டாள். சீனி கூடிப்போனது.
சீனி கூடியது எனக்குத் தெரிந்தது.
எட்டு மணிக்குக் கரண்டு வந்ததும்
போனைச் சொருகி, கொஞ்சம் பொறுத்து,
பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே அடித்தாள்,
இரண்டு மணி.