இரண்டு பூச்சியம்

சோமனூரில் கரண்ட் போனால்
முதலில் தெரிவது காதுக்குத்தான்.
தெருவெல்லாம் தறி நின்றுபோன அந்த அமைதியில்
முட்டை பன்னிரண்டும் ஆறிவிடுமே என்று
தெர்மாகோல் பெட்டிமேல் போர்வையைப் போட்டுவிட்டு
டார்ச்சை வாயில் கவ்வியபடி
மறுபடி நாலு ஒயரைப் பார்க்கிறேன்.

சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு.
உக்கடத்தில் எடைக்கு வாங்கிய மோட்டார்.
பழைய பிரிண்டருக்குள் இருந்தபோது
எந்த நிறத்துக்கு எந்த நிறம் உறவோ,
எழுதி வைத்தவர் யாருமில்லை.

நேற்று நடுங்கியது.
சுற்றவில்லை. குளிர்காய்ச்சல் கண்டதுபோல
இருந்த இடத்திலேயே உதறியது.
"அஞ்சு எச்.பி. மோட்டாரையே
பிரிச்சுக் கட்டற சீமை இது.
இத்தனூண்டுக்கு இந்தப் பாடா அம்மணி?"
சொல்லிவிட்டுப் பூபதி ஷிஃப்டுக்குப் போனார்.

அவருக்கு இரவு மில். எனக்குப் பகல் பம்ப் கம்பெனி.
வீட்டில் இருப்பவர் முட்டையைத் திருப்ப வேண்டும்,
மூணு மணி நேரத்துக்கு ஒருதரம்.
பென்சிலில் ஒரு பக்கம் பெருக்கல், மறுபக்கம் வட்டம்.
பகல் தூக்கத்தில் எழுந்து திருப்பியதற்கு
சுவரில் அவர் போட்ட கோடுகள்
ஒன்றுகூட நேராக இல்லை.

ஜோடி பார்க்கக் கரண்டே வேண்டாம்.
ஏதோ இரண்டு ஒயரின் நுனியைச் சேர்த்து முறுக்கி
தண்டை விரலால் சுற்றினால் போதும்.
வழுக்கிக்கொண்டு போனால் அந்நியம்.
முரண்டு பிடித்தால் ஒரே சுருள்.
சிவப்பும் பச்சையும் முரண்டு பிடித்தன.
நான் கட்டிவைத்திருந்ததோ
சிவப்புக்கு நீலத்தை.

தறி மறுபடி இரையத் தொடங்கியதும்
மோட்டாரும் சுற்றியது.
முப்பது விநாடி. நின்றது.
டிரைவர் சிப்பைத் தொட்டேன், தோசைக்கல்.
போர்டு ஓரத்தில் கடுகு போல ஒரு திருகு:
இதற்குமேல் கொடுக்காதே என்று
அதனிடம் சொல்லும் இடம் அதுதான்.
இடப்பக்கம் ஒரு மயிரிழை.
மீட்டரில் புள்ளிக்குப் பின்னால் நாலு வந்ததும்
மூச்சை விட்டேன்.

(இதற்கு முந்தைய போர்டு போன விதம் வேறு.
கரண்ட் ஓடும்போதே மோட்டார் ஒயரைப் பிடுங்கினேன்.
சத்தமில்லை, ஒரு சிட்டிகை வாசம்.
நூற்று இருபது ரூபாய்.)

எல்லாம் சரியான பிறகு
பேய் வந்தது.
கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் தட்டு அசைகிறது.
தொடவே இல்லை. எடுத்தால் நிற்கிறது.
பூபதி கதவோரம் நின்று பார்த்துவிட்டு
"ஆருகிட்டயாச்சும் காட்டலாமா?" என்றார்.
மோட்டாரையா, என்னையா என்று
கேட்டுக்கொள்ளவில்லை.

மோட்டாருக்குப் பன்னிரண்டு வோல்ட் அடாப்டர்,
கட்டளையிடும் போர்டுக்கு செல்போன் சார்ஜர்.
இரண்டும் தத்தம் பூச்சியத்திலிருந்து எண்ணுகின்றன.
ஒன்று ஐந்து என்றால்
மற்றதன் காதில் அது ஐந்தாக விழுவதில்லை.
அந்தரத்தில் நிற்கிற ஒயர்
என் கையையே கட்டளை என்று நம்பியிருக்கிறது.

இரண்டு கிரவுண்டையும் சேர்த்து
ஒரு கறுப்பு ஒயர், நாலு விரற்கடை நீளம்.
அவ்வளவுதான்.

காலை ஆறரை.
அவர் செருப்பைக் கழற்றுகிறார், நான் மாட்டுகிறேன்.
உள்ளே டிக் டிக் டிக் என்று தட்டு சாய்ந்து
பன்னிரண்டு முட்டையும்
ஒரே பக்கமாகப் புரண்டு படுத்தன.
"அட" என்றார்.
கம்பெனி பஸ் ஹாரன் அடித்தும்
வாசற்படியிலேயே நின்றோம்.

ஒன்பதாம் நாள் முதல் யாரும் நடுவில் எழவில்லை.
தட்டு அசையாத நேரத்திலும்
மோட்டார் கதகதப்பாகவே இருந்தது.
சும்மா நிற்பதற்கும் அதற்குக் கரண்ட் வேண்டும்.

பதினெட்டாம் நாள் திருப்புவதை நிறுத்திவிட வேண்டும்.
தலையை எந்தப் பக்கம் வைப்பதென்று
குஞ்சு இனி தானே பார்த்துக்கொள்ளும்.
முதலில் ஸ்விட்ச். அப்புறம்தான் ஒயர்.
தண்டு என் விரலுக்கு இளகிக் கொடுத்தது.

அன்றிரவு மூணு மணிக்கு விழிப்புத் தட்டியது.
தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.
மில்லிலிருந்து அவர் மெசேஜ்:
"நிறுத்தீட்டியா?"
பெட்டிமேல் காதை வைத்தபடியே
"ம்" என்று அனுப்பினேன்.