மூன்றாம் பாதை

ஞாயிறு ஆறே முக்கால்.
கன்னங்குறிச்சி தாண்டி, சேர்வராயன் மலையின் முழங்காலில்
சங்கத்தின் தகரக் கொட்டகை.
ஐம்பது மீட்டர் தள்ளி மண்மேடு,
அதில் குத்திய காகிதம், அதில் ஒரு கறுப்பு வட்டம்.
ஏற்காட்டுக்கு ஏறும் பேருந்து
எங்கோ ஒரு கொண்டையூசியில் கியர் மாற்றுகிறது.

துப்பாக்கி சங்கத்துடையது. பாயிண்ட் டூ டூ.
என் சம்பளத்துக்கு இதுதான்.
கன்னம் பதியும் இடத்தில்
சைக்கிள் டியூப் இரண்டு சுற்று.
ஒவ்வொரு தோட்டாவுக்கும் ரெஜிஸ்டரில் கையெழுத்து;
காலி உறையை எண்ணித் திருப்பித் தர வேண்டும்.

நான்காம் பாதையில் நிதர்சன்.
அவன் அப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை.
அவனுடையது ஜெர்மன், பெட்டிக்குள் பஞ்சுமெத்தையில் தூங்கும்.
என் மலிவுத் தோட்டாக்களில் அஞ்சுக்கு ஒன்று
காற்றே இல்லாமல் கீழே இறங்குவதை
அவன்தான் கண்டுபிடித்தான்.
"ஒரே சீரா இல்லக்கா. நிறுத்துப் பாருங்க."
அடுத்த வாரம், வெள்ளி நிறுக்கும் தராசைத்
துண்டில் சுற்றி எடுத்து வந்தான்.

சிரித்துவிட்டேன்.
வாரம் ஆறு நாளும் நான் நிறுப்பது லாரி.
எடைமேடை, கண்ணாடிக் கூண்டு, தலைக்கு மேல் ஒரு விசிறி.
வெள்ளைக்கல் இருபது டன்,
ஆலைக்குப் போகும் மரவள்ளிக் கிழங்கு ஒன்பது டன்.
இங்கே மூன்று கிராம் முப்பத்திரண்டு,
மூன்று கிராம் இருபத்தொன்பது.
மூச்சு விட்டாலே எண் மாறுகிறது.
ஐம்பதில் முப்பத்தொன்று தேறின.

குப்புறப் படுத்தேன்.
வார் இடது கையை இறுக்க,
மணிக்கட்டில் துடிப்பது குறிவளையத்தில் தெரிகிறது.
நடுவழியில், சவ்வரிசிச் சாக்கில் கிழித்த கொடி
தூங்கிவிட்டது.
பாதி மூச்சு வெளியே.
மீதியை அப்படியே வை.
விரலுக்குத் தெரியாமல் விரல் அழுத்தட்டும்.

டிக்.

வெடிக்கவில்லை.
"முப்பது செகண்டு," பின்னாலிருந்து சென்றாயன்.
"குழாய் மேட்டையே பாத்துக்கிட்டு இருக்கட்டும். அசையாதீங்க."

இந்த வகைத் தோட்டாவில் நடுவில் ஒன்றும் இல்லை.
அடிப்பாகத்து விளிம்புக்குள்
சுற்றிலும் பூசியிருக்கும் மருந்து.
ஊசி ஓரத்தில்தான் அடிக்கும்.
பூசாமல் விட்டுப்போன இடத்தில் அடித்திருக்கிறது.

பதினொன்று. பன்னிரண்டு.
வியாழக்கிழமை தும்பலிலிருந்து கிழங்கு ஏற்றிவந்தவர்
கூண்டுக்குள் தலை நீட்டிக் கேட்டார்:
"எங்கூரு மேடையில எரநூறு கிலோ கூட இருந்துச்சே."
"மண்ணு ஒட்டியிருக்கும்," என்றேன்.
முதலாளி கண் காட்டினால்
எந்தப் பொத்தான் என்று என் விரலுக்குத் தெரியும்.
பதினாறு மாதமாகத் தெரியும்.
அவர் மேடையை ஒருமுறை பார்த்தார்.
மலையை ஒருமுறை பார்த்தார்.
சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
இருபத்தெட்டு.
இருபத்தொன்பது.

தாழ்ப்பாளை இழுத்து எடுத்தேன்.
விளிம்பில் நெல்மணி அளவு ஒரு நசுக்கல்.
திருப்பிப் போட்டால் வெடிக்கலாம் என்றான் நிதர்சன்.
சென்றாயன் மணல்பெட்டியைக் காட்டினார்.
போட்டேன்.

அடுத்தது. சுட்டதும்
தொலைநோக்கியில் கண் வைப்பதற்கு முன்
எண்ணைச் சொல்லிவிட வேண்டும், சங்கத்தில் பழக்கம்.
"எட்டு. கீழே. அஞ்சு மணிப் பக்கம்."
நிதர்சன் குனிந்து பார்த்தான்.
"எட்டுதான்க்கா. அஞ்சு மணிதான்."
எடை பார்த்த தோட்டா. கொடி அசையவில்லை.
இழுத்தது நான்.

ஒன்பது மணிக்குள் வெயில் தகரத்தில் ஏறிவிட்டது.
ரெஜிஸ்டரில் எழுதினேன்:
வாங்கியது முப்பத்தொன்று.
உறை முப்பது.
வெடிக்காதது ஒன்று.
சென்றாயன் விரல் வைத்துக் கூட்டிப் பார்த்து
சரி என்று தலையாட்டினார்.
கையெழுத்துப் போட்ட பிறகும்
பேனாவை மூடாமல்
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.