மூன்றாவது டப்பா

கேள்வித்தாள் கேட்கிறது:
வாரத்தில் எத்தனை முறை தயிர்?
சீஸ் உண்டா?
புளிக்கவைத்த முட்டைக்கோஸ்?
புளோறன்சாள் பேனாவை என் கையில் திருப்பித் தருகிறாள்.
'பழஞ்சிக்கு இதுல கட்டம் இல்லியே பிள்ளே.'

'மற்றவை' என்ற கோட்டின் மேல் எழுதினேன்:
பழஞ்சி, தினமும், சின்ன உள்ளியோடு.
மரச்சீனி, சாளை.
மட்டிப்பழம், மீன் விற்றுத் தீர்ந்த நாட்களில்.
கோடு போதவில்லை.
மீதியை ஓரத்தில் எழுதினேன்.

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி வராந்தா.
கீமோவுக்கு முன் ஒரு டப்பா, நடுவில் ஒன்று,
முடிந்தபின் ஒன்று.
அதில் என்ன கொண்டுவர வேண்டுமென்று
குரல் தாழ்த்தாமல் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.
'முலையில வந்த சீக்குக்கு
வயித்துல எதுக்குத் துப்பு தேடுதீங்க?'

படித்ததைச் சொன்னேன்.
ஈரல் பொட்டலம் கட்டி வெளியே அனுப்பும் ஈஸ்ட்ரோஜனை
குடலில் சில பாக்டீரியாக்கள் அவிழ்த்து
மறுபடி ரத்தத்தில் ஏற்றிவிடுமாம்.
'ஏலத்துல கழிச்ச மீனை
பொறவாசல் வழியா திரும்பத் தராசுல வைக்குத மாதிரி.'
ஆமாம் என்றேன்.

'அப்ப அதுதான் காரணமா?'

தெரியாது.
நோய் வந்ததால் அவை மாறினவா,
அவை மாறியதால் நோய் வந்ததா,
மிஞ்சியவை மருந்துக்குத் தோள் கொடுக்குமா
குறுக்கே விழுமா.
ஆண்டுக்காண்டு கட்டுரைகள் பெருகுகின்றன.
எலிகளில் தெரிகிறது என்கிறது ஒன்று.
நாற்பது பெண்களில் தெரிகிறது என்கிறது இன்னொன்று.
கடைசி வாக்கியம் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றே:
மேலும் ஆய்வு தேவை.

இரவில், ஒழுகினசேரி வாடகை அறையில்,
எந்த நாட்டில் எத்தனை கட்டுரை என்று
வட்டமிட்ட வரைபடத்தைத் திரையில் விரிப்பேன்.
சில வட்டங்கள் பக்கத்துக் கடலையும் மூடியிருக்கும்.
நிலம் முடிகிற நம் முனையைப்
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் போனேன்.
ஒரு புள்ளி இருந்தது.
விரலால் தொட்டேன், தூசி.

இரண்டாம் டப்பா வந்த அன்று
திருவனந்தபுரம் போகும் வண்டி வரவில்லை.
தெர்மாகோல் பெட்டியில் நான் ஐஸ் அடுக்குவதைப்
பார்த்துக்கொண்டிருந்தாள்.
முடி போயிருந்தது, புருவமும்.
கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டு
பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.
'கட்டியா வச்சா இடையில காத்து நிக்கும். நொறுக்கு.'
குளச்சல் துறையில் பதினெட்டு வருஷம்
நெய்மீனைக் கெடாமல் காத்த கை
தன் மலத்தை ஐஸில் பொதிந்து
மூடியை ஒரு தட்டுத் தட்டியது.
களியக்காவிளை பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார்: 'மீனா?'
மீன்காரி கட்டியது என்றேன்.
லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

ஆகஸ்டில் தடைக்காலம் முடிந்து
விசைப்படகுகள் இறங்கின.
மூன்றாவது டப்பா வரவில்லை.
மூன்று முறை அழைத்தேன். நாலாவதில் எடுத்தாள்.
'கணவாய் கொட்டுது பிள்ளே,
இத விட்டா ஆஸ்பத்திரிக்க கடன எப்ப அடைக்க?
திங்கக்கிழம வாரேன். ஐஸ் நான் கொண்டு வாரேன்.'

அட்டவணையில் முப்பத்தொன்றாம் வரிசை அவள்.
நாள் தவறினால் அந்தக் கட்டத்தில்
ஒரு சொல்லுக்குத்தான் அனுமதி: விடுபட்டது.
கணவாய் என்று எழுதப் பத்தி கிடையாது.

அவள் போனை அணைக்கவில்லை. மறந்திருக்கலாம்.
ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து இருநூற்றைம்பது என்று
யாரோ ஏற்றிக்கொண்டே போகிறார்.
நானும் வைக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
காற்றுக்கும் காக்கைக்கும் நடுவில்
அவள் குரல் யாரிடமோ கேட்கிறது,
பழஞ்சி மிச்சம் கிடக்கா என்று.